மூன்று வரியில் பதில், நாலு மணிக்கு ஒப்படைப்பு

பிரிந்து வாழும் கணவரிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒரு வாய்ஸ் நோட் வரும். ஏழு நிமிடம் ஓடும். பாதி தமிழ், பாதி மலையாளம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் போட்ட நகைக்குப் போய், பொள்ளாச்சி மாமா அன்றைக்குப் பேசிய பேச்சுக்குத் திரும்பி, ‘உங்க வளர்ப்பே அப்படித்தான்’ என்று ஏறி, ‘கோர்ட்டுல பாத்துக்கறேன்’ என்று முடியும். தமிழ்நாடு–கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் குடும்பத் தகராறு பேச உட்காருகிறவர்களுக்கு இந்த ஏழு நிமிடம் மனப்பாடம். ஆள் மாறுவார், வரிசை மாறாது.

இதில் பதில் சொல்ல வேண்டியது காய்ச்சலுக்கு மட்டும். மற்றதெல்லாம் கொக்கி. நகையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினால் பத்து வாக்கியம் திரும்பி வரும். மாமாவுக்காக வாதாடினால் மாமாவும் தகராறுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார். படுத்தபடியே தட்டி அனுப்பும் பதில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘நான் சொல்லலைன்னு யார் சொன்னது? போன மாசம் அவ வாந்தி எடுத்தப்ப நீங்க சொன்னீங்களா? எங்க மாமா பேசினதுல என்ன தப்பு? இனியாவது பொறுப்பா இருங்க. நானும் கோர்ட்டுக்கு வரத் தயார்தான்.’

ஐந்து வாக்கியம், ஐந்து கொக்கி. இதையே காலையில் காப்பி குடித்துவிட்டு எழுதினால்:

‘பாப்பாவுக்கு ஞாயிறு ராத்திரி 101 டிகிரி காய்ச்சல் இருந்தது. திங்கள் காலை டாக்டர்கிட்ட காட்டினோம், மருந்துச் சீட்டு போட்டோ அனுப்பியிருக்கேன். இப்ப காய்ச்சல் இல்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கூட்டிட்டு வர்றேன்.’

போன் திரையில் மூன்று நாலு வரி. இதில் அறிவுரையும் கிடையாது, பழியும் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஓயாமல் சண்டை பிடிக்கிறவருக்கு எழுத்தில் கொடுத்த ‘சாரி’, ஆறு மாதம் கழித்து ‘தவறை ஒப்புக்கொண்டார்’ என்று மனுவில் வந்து நிற்கும். கடைசி வரியில் அடுத்த தேதியும் இடமும் இருந்தால் பேச்சு பழைய கதையை விட்டு வரப்போகிற சனிக்கிழமைக்கு நகரும். அனுப்பும் முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசித்துக் காட்டலாம். ‘இது எதுக்கு?’ என்று அவர் கேட்கும் வரியை அழித்துவிட வேண்டியதுதான். ராத்திரி வந்த செய்திக்கு ராத்திரியே பதில் தேவைப்படுவது இரண்டு விஷயத்துக்கு: குழந்தையின் உடம்பு, மறுநாள் காலை நேர மாற்றம்.

பில் எடி என்ற அமெரிக்க வழக்கறிஞர், குடும்ப ஆலோசகராகவும் இருந்தவர், இப்படி ஓயாமல் சண்டை பிடிக்கிறவர்களுக்கு நாலு அடையாளம் சொல்வார். பழி எப்போதும் அடுத்தவர் மேல். ஒன்று முழுக்க நல்லவன், இல்லையென்றால் முழுக்கக் கெட்டவன். உணர்ச்சிக்குக் கட்டில்லை. மற்றவர்கள் செய்யத் துணியாத காரியத்தைச் செய்வது. இந்த நாலும் சேர்ந்து, பல வருடமாக, பல ஆட்களோடு தெரிந்தால்தான் அந்தக் கணக்கு. விவாகரத்து நடக்கிற வருடத்தில் கத்தாதவர் யார்? அதை வைத்து முத்திரை குத்திவிட முடியாது. சரியாகவே கணித்திருந்தாலும் அவரிடமே சொல்லிவிடக் கூடாது என்று எடியும் திரும்பத் திரும்பச் சொல்வார். நம் பக்கம் ‘அது ஒரு மெண்டலுங்க’ என்று சொந்தக்காரர் நடுவில் ஒரு வார்த்தை விழுந்து, முடியவேண்டிய பேச்சு இரண்டு வருடம் இழுத்ததுண்டு.

அடி, கழுத்தை நெரிப்பது, ஆயுதம் காட்டுவது, பின்தொடர்வது என்று இருந்தால் அதற்குச் சண்டை என்று பெயரில்லை. அங்கே மூன்று வரிப் பதிலும் வேலைக்காகாது. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து சமரசம் பேசுவது ஆபத்து. 112, பெண்களுக்கு 181 (கேரளத்தில் ‘மித்ரா’), கேரளப் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘ஸ்நேஹிதா’ மையம், மாவட்டப் பாதுகாப்பு அதிகாரி என்று போக வேண்டும். 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், அந்தப் பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். கணவர் வீடு பாலக்காட்டில், அம்மா வீடு பொள்ளாச்சியில் என்றால் பொள்ளாச்சியில் போட்டாலே போதும். 21-வது பிரிவில் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பையும் அங்கேயே கேட்கலாம். தகாத தொடுதல் பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னால் கேள்வி கேட்டுக் குடையாமல், சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட வேண்டும். ‘செத்துடுவேன்’ என்ற மிரட்டலை எத்தனையாவது தடவை என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 112. பேச ஆள் வேண்டுமென்றால் 14416, கேரளத்தில் 1056. அதற்காகக் குழந்தை விஷயத்தில் போட்ட ஏற்பாட்டை அன்றைக்கே மாற்றவும் வேண்டாம்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு, மொழி. இரண்டும் தெரியும் என்கிற நம்பிக்கையில்தான் தப்பு நடக்கும். ‘ஒரு அவசரம் தரணும்’ என்று மலையாளத்தில் வந்தால் ‘ஒரு வாய்ப்புக் கொடு’ என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது விரட்டுவது மாதிரி இருக்கும். ‘எனிக்கு விரோதமில்ல’ என்றால் ஆட்சேபம் இல்லை என்றுதான் சொல்கிறார், பகை பற்றிப் பேசவில்லை. ரொம்ப வில்லங்கமானது ‘வழக்கு’. அப்பா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்த குழந்தை, ‘அச்சன் வழக்கு பறஞ்ஞு’ என்கிறது. அப்பா திட்டினார், அவ்வளவுதான். ஆனால் அம்மிச்சி அதைக் கேட்டு, குழந்தையிடம் கோர்ட் கேஸைப் பற்றிப் பேசியிருக்கிறான் என்று வக்கீலுக்குப் போன் போடச் சொல்வார். ஏற்பாடு சம்பந்தப்பட்ட செய்தி எல்லாம் ஒரே மொழியில், எழுத்தில் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வது நல்லது. வாய்ஸ் நோட்டுக்கு ‘எழுதி அனுப்புங்க’ என்று மட்டும் பதில் போதும். புரியாத வார்த்தைக்குக் கோபப்படும் முன் ‘இதுக்கு என்ன அர்த்தம்ங்க?’ என்று ஒரு தடவை கேட்டுவிடலாம்.

அடுத்தது நடுவில் பேசுகிறவர்கள். பேச்சு என்று கூப்பிட்டால் இரண்டு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். மாமா, சித்தப்பா, கட்சிக்காரர், கூட வந்த டிரைவர் வரைக்கும் கருத்துச் சொல்வார்கள். பக்கத்துக்கு ஒருவர் என்று வைத்தால் போதும். கல்யாணத்தைப் பேசி முடித்தவர் அந்த ஒருவராக இருக்கவே கூடாது. அவருக்குக் குழந்தையைவிடத் தன் முகத்தைக் காப்பாற்றுவது பெரிசாகிவிடும். ஒரு உட்காரலுக்கு ஒன்றரை மணி நேரம், ஒரே விஷயம். ‘ஏன் அப்படிச் செஞ்சீங்க’ என்று கேட்டால் பழைய கணக்கு திறக்கும். ‘என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க’ என்று கேட்டால் ஏதாவது யோசனை வரும். அந்த யோசனையில் யார், எதை, எங்கே, எத்தனை மணிக்கு என்ற நாலும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக்குச் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ‘இன்ன தேதிக்குள் சொல்கிறேன்’ என்றோ சொல்ல உரிமை உண்டு. விளக்கவுரை வேண்டாம்.

குரல் உயர்ந்தால் எதிர்த்துப் பேசாமல், ‘நீங்க சொல்றது கேக்குதுங்க, இதைப் பாத்துத்தான் ஆகணும்’ என்று முதலில் ஒரு வார்த்தை. அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகாது, ஆனால் மூச்சு இறங்கும். உடனே இரண்டு வழியைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் நமக்கு ஏற்றதாகவே இருக்கட்டும்.

அங்கே பேசி முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. அந்தத் தாளைக் காட்டி யாரையும் எதையும் செய்ய வைக்க முடியாது. ஒப்புக்கொண்டதைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, உத்தரவாக வாங்கினால்தான் பிடி கிடைக்கும்.

அந்த உத்தரவில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் பாதி சண்டை குறையும். ‘நியாயமான நேரங்களில் குழந்தையைப் பார்க்கலாம்’ என்று எழுதினால் நியாயம் எது என்று வாராவாரம் தகராறு வரும். ‘ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை’ என்றால் ஐந்து சனி வரும் மாதத்தில் கணக்கு இடறும். ‘இரண்டாவது, நான்காவது சனி’ என்று எழுத வேண்டும். அந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைத்துவிட்டால் மறுநாள் ஞாயிறு என்று சேர்க்க வேண்டும்.

‘பள்ளி விடுமுறையில் பாதி’ என்பது இங்கே இன்னும் மோசம். எந்த மாநிலத்துப் பள்ளி? கேரளத்தில் மார்ச் கடைசியில் மூடி ஜூனில் திறப்பார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரலில் பரீட்சை ஓடிக்கொண்டிருக்கும். ஓணத்துக்கு அந்தப் பக்கம் பத்து நாள் லீவு, இந்தப் பக்கம் அப்போது வகுப்பு. காலாண்டு லீவில் இந்தப் பக்கம் குழந்தை வீட்டில், அந்தப் பக்கம் பாடம். அதனால் ‘குழந்தை படிக்கும் பள்ளியின் நாட்காட்டிப்படி’ என்ற சொற்கள் கட்டாயம். பண்டிகைகளைத் தனியாகப் பேர் சொல்லி எழுத வேண்டும். விஷு சில வருடம் ஏப்ரல் 14, சில வருடம் 15. தமிழ்ப் புத்தாண்டோடு ஒரே நாளில் வந்தால் யாருக்கு? காலை கணி கண்டு கைநீட்டக் காசு வாங்குவது ஒரு வீட்டில், மதியச் சாப்பாடு இன்னொரு வீட்டில் என்று நேரம் போட்டுப் பிரித்தால் இருவரும் ஒத்துக்கொள்வது உண்டு. பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி மாதிரி எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், ஆனால் ஒரு நாள்தான். மாட்டுப் பொங்கலுக்கு அப்பாரு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் பள்ளிக்கு லீவு யார் எழுதிக் கொடுப்பது என்பதுவரை சொல்லிவிட வேண்டும்.

ஹர்த்தால் (முழு அடைப்பு) என்றால் கேரளப் பக்கம் பஸ் ஓடாது, பொள்ளாச்சியில் கடை திறந்திருக்கும். ‘வேணும்னே வரலை’ என்ற சண்டை அங்கிருந்து கிளம்பும். மழைக்குப் பாலக்காடு கலெக்டர் லீவு விட்டிருப்பார், கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கம் வெயில் அடிக்கும். ‘பஸ் ஓடாத நாள், மழை விடுமுறை அறிவித்த நாள் என்றால் மறுநாள் அதே நேரம், அதே இடம்’ என்று ஒரு வரி சேர்த்தால் ஹர்த்தால் அன்று போனே வேண்டாம்.

ஒப்படைக்கும் இடம் யார் வீட்டு வாசலாகவும் இருக்கக் கூடாது. வாசலில் அத்தை நிற்பார், மச்சான் நிற்பார். சோதனைச் சாவடிக்குப் பக்கத்து டீக்கடை, பஸ் நிறுத்தம் மாதிரி நாலு பேர் நடமாடும், பகல் வெளிச்சம் உள்ள இடம் நல்லது. சாயங்காலம் நாலு மணி. அரை மணி நேரம் காத்திருப்பது. நாலரைக்கு ‘இருக்கேன், வரலை’ என்று ஒரு செய்தி, கடை போர்டு தெரிய ஒரு போட்டோ, பிறகு கிளம்பிவிடுவது. அங்கே நின்று போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். உடம்பு சரியில்லாமல் நாள் தவறினால் மருந்துச் சீட்டின் போட்டோ, பதினாலு நாளுக்குள் மாற்று நாள்.

பையில் இரண்டு செட் துணி, பள்ளி டைரி, மருந்து இருந்தால் எத்தனை மில்லி எத்தனை மணிக்கு என்று பாட்டில் மேலேயே ஒட்டிய சீட்டு, குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியோ பொம்மையோ. பையில் சாமான் பட்டியல் ஒன்றும் போடலாம், ஆனால் அந்தப் பட்டியலே ‘ரெண்டு ஜட்டி குறையுது’ என்று புதுத் தகராறாக மாறுவதும் உண்டு. மலிவான துணியாக வைத்துவிட்டு, குறைந்தால் விட்டுவிடுவது லாபம். குழந்தை கையில் காகிதமோ சேதியோ கொடுத்தனுப்பவே கூடாது. ‘அப்பாகிட்ட பீஸ் கட்டச் சொல்லு’ என்ற ஒரு வரியோடு போகும் குழந்தை அன்று முழுக்க விளையாடாது.

இடைப்பட்ட நாளில் வீடியோ கால். யஷிதா சாஹு வழக்கில் 2020-ல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது: குழந்தை யாரிடம் இல்லையோ அவருக்கும் பார்க்கும் உரிமையோடு போன், வீடியோ மூலம் பேசும் உரிமையும் வேண்டும். ‘புதன், ஞாயிறு இரவு ஏழரை முதல் எட்டு’ என்று நேரமும், எந்த நம்பர் என்பதும் எழுதியிருக்கட்டும். சின்னக் குழந்தை பத்து நிமிடத்துக்கு மேல் திரையில் நிற்காது. அதைக் ‘கட் பண்ணிட்டாங்க’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்தக் கோர்ட் என்ற கேள்விக்கு ஊர் முழுக்கத் தப்பான பதில் சுற்றுகிறது. குழந்தைப் பொறுப்புக்கு 1890-ம் வருடக் காப்பாளர் சட்டம் 9-வது பிரிவு: குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட். கொழிஞ்சாம்பாறையில் படித்து வளரும் குழந்தையை ஒரு வாரத்துக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போய், அங்கே கேஸ் போட்டால் நிற்பது கஷ்டம். இந்துத் திருமணச் சட்டப்படி விவாகரத்து மனுவை மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம். இப்படித்தான் பாலக்காட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று என்று இரண்டு கேஸ் ஓடும். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு மாற்ற டெல்லிக்குத்தான் போக வேண்டும், சிவில் நடைமுறைச் சட்டம் 25-வது பிரிவில் சுப்ரீம் கோர்ட்டில் மனு. அதற்கு ஆகும் செலவை எழுதிப் பார்த்தாலே பலர் பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் என்று 1956-ம் வருட இந்து மைனர் காப்பாளர் சட்டம் சொல்லும். அந்தச் ‘சாதாரணமாக’ என்ற சொல்லும், குழந்தையின் நலனே முதன்மை என்ற 13-வது பிரிவும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு, கூப்பிட வேண்டிய எண் 15100. குறை தீர்க்கக் கேட்டு அரசு அலுவலகத்துக்கு எழுதும் மனுவைத் தமிழிலேயே கொடுக்க அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு இடம் தருகிறது. கோர்ட் மனு வேறு சங்கதி, அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

சாட்சியம் என்று போன் முழுக்க ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பார்கள். நறுக்கி எடுத்ததால் தேதி இருக்காது, நம்பர் இருக்காது. வாட்ஸ்அப்பில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து முழு உரையாடலையும் எடுத்து, தன் மெயிலுக்கே அனுப்பி வைக்க வேண்டும். தானாக மறையும் செய்தி வசதியை அணைக்க வேண்டும். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் தர வேண்டும். அதில் ஒரு பகுதி நீங்கள், ஒரு பகுதி நிபுணர், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு). கணவன் மனைவி போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்ததையும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்டு வீட்டில் எந்நேரமும் ரெக்கார்டர் ஓட விடுகிறார்கள். பதிவில் உங்கள் குரலும் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும். குழந்தையை உட்கார வைத்து ‘அப்பா என்ன சொன்னாருன்னு சொல்லு கண்ணு’ என்று எடுக்கும் வீடியோ, எடுத்தவர் மேலேதான் திரும்பும்.

இதற்கெல்லாம் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, மணி, கண்ணால் பார்த்தது காதால் கேட்டது, கூட இருந்தவர், நாம் செய்தது என்று ஐந்து பத்தி. ‘பைத்தியம் மாதிரிக் கத்தினார்’ என்று எழுதக் கூடாது. ‘கேட்டைத் தட்டினார், “பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருவேன்” என்றார், இரண்டு தடவை’ என்று எழுத வேண்டும். அன்றன்றே எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

வேலை இடத்திலும் சங்கதி இதேதான், கொஞ்சம் வெயில் குறைவு. பாலக்காடு மாவட்டச் சித்தூர்ப் பக்கத்துப் பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு உறுப்பினர் தினமும் பாலின் கொழுப்பு ரீடிங்கில் சண்டை பிடிக்கிறார். டெஸ்ட் செய்யும் பெண்ணைத் திட்டுகிறார், வாட்ஸ்அப் குரூப்பில் திருட்டு என்று எழுதுகிறார், பால்வளத் துறைக்கும் பஞ்சாயத்துக்கும் பத்திரிகைக்கும் ஒரே புகாரை அனுப்புகிறார். முதல் வேலை, அவர் சொல்வது உண்மையா என்று பார்ப்பது. சண்டைக்காரர் என்பதாலேயே அவர் புகார் பொய்யாகிவிடாது. கேனைக் கலக்காமல் மேலாக எடுத்த பாலில் கொழுப்பு கூடவும், அடியில் எடுத்ததில் குறையவும் காட்டும். நுரை அடங்காத பாலை அனலைசரில் (பால் சோதிக்கும் மெஷின்) வைத்தாலும், குழாயைச் சரியாகக் கழுவாவிட்டாலும் ரீடிங் தப்பும். அதனால் அவருக்கு என்றில்லாமல் எல்லோருக்கும் ஒரே முறை: எதிரிலேயே கலக்கி, எதிரிலேயே எடுத்து, சீட்டை அங்கேயே கையில் கொடுப்பது.

அந்தப் பெண் அவரோடு தனியாக வாதாட வேண்டியதில்லை. ‘புகார் நோட்டுல எழுதுங்க அண்ணா, செக்ரட்டரி பதில் கொடுப்பார்’ என்று ஒரே வாக்கியம், யார் டியூட்டியில் இருந்தாலும் அதே வாக்கியம். நோட்டில் வரிசை எண், ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில், பதில் சொல்ல ஒரே ஆள். குரூப்பில் ‘புகார் எண் 14, பதில் நேரில் தரப்பட்டது’ என்பதோடு நிறுத்த வேண்டும். நாலு பேர் நாலு விதமாகச் சமாதானம் சொன்னால் அந்த நாலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசமே அடுத்த புகாராக வரும். அந்தப் பெண்ணைப் பாலியல் ரீதியாகப் பேசினால் அது இந்த நோட்டில் சேராது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தப் புகாரை விசாரிக்க உள் குழு, குறைவாக இருந்தால் மாவட்ட உள்ளூர்க் குழு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

யார் தகராறு செய்தாலும் அவர் பாலில் மட்டும் இரண்டு மாதிரி எடுத்து, இரண்டாவது பாட்டிலில் தேதி, வேளை, உறுப்பினர் எண் எழுதி, அவர் கையெழுத்தோடு ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வேளைப் பால் எடுக்கும்வரை அது இருக்கும், அதற்குள் வந்தால் மறு சோதனை, பிறகு வந்தால் கிடையாது. இதைத் தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதி, கேன் வைக்கும் மேடைக்கு நேர் மேலே மாட்டியிருந்தால் போதும்.